எட்டாவது இலை

சாரல் தொடங்கிவிட்டால் மேலகரத்தில் வல்லிநாயகத்தின் வீடு பாதியாகச் சுருங்கிவிடும். முன்கட்டும் இரண்டாம் கட்டும் சீசனுக்கு வருகிறவர்களுக்கு. வீட்டுக்காரர்களுக்கு அடுக்களையும், நெல்லும் பாத்திரமும் அடைத்து வைக்கிற அரங்கும், பின்தாழ்வாரமும். ஆனி பிறந்ததும் குழல்வாய்மொழி தன் சேலைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு சொந்த வீட்டிலேயே குடிமாறுவாள். ஆவணியில் மறுபடியும் முன்கட்டுக்கு வருவாள். கல்யாணமாகி வந்த இருபத்து நான்கு வருஷத்தில் இந்தக் குடிமாற்றம் ஒரு வருஷமும் தப்பியதில்லை. குற்றாலத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு இருந்தால் அப்படித்தான். மற்ற ஊர்க்காரர்களுக்கு மழை என்றால் வயல். இந்த ஊர்க்காரர்களுக்கு வயலும் உண்டு, வாடகையும் உண்டு.

சீசன்காரர்கள் விஷயத்தில் வல்லிநாயகம் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஊரும் பேரும் கேட்கலாம். மேற்கொண்டு எதுவும் கேட்கக்கூடாது. அவருடைய அப்பா காலத்துச் சட்டம் அது. அருவியில் தலையைக் கொடுக்க வந்தவனிடம் போய் என்ன உத்தியோகம், எங்கே ஆபீஸ் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் அடுத்த வருஷம் அவன் வேறு வீடு பார்த்துவிடுவான். ஒரே ஆள் மூன்று சீசன் தொடர்ந்து வந்துவிட்டால் பிறகு அவன் சீசன்காரன் கணக்கில் வரமாட்டான். அவனுக்கென்று ஒரு அறை, ஒரு தலையணை, ஒரு எண்ணெய்க் கிண்ணம் என்று தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். தங்கசாமி அப்படித்தான் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆனார்.

மெட்ராஸ்காரர். முன்வழுக்கை, சிரித்த முகம், எப்போதும் தோளில் ஒரு பூத்துண்டு. காலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட அருவிக்குப் போய், பதினொரு மணிக்குப் பசியோடு வருவார். இலையில் உட்கார்ந்தால் தேங்காய்ப்பால் சொதியைக் குளம் கட்டி ஊற்றிக்கொள்வார். "இந்தச் சொதிக்காகவே வருஷம் பூரா காத்துக்கிட்டிருக்கேன் ஆச்சி" என்பார். வரும்போதெல்லாம் புதிதாக அரைத்த காப்பித்தூள் ஒரு பொட்டலம் கொண்டுவருவார். தன் சமையலைப் புகழ்ந்து சாப்பிடுகிறவனைக் கெட்டவன் என்று நினைக்க எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் மனசு வரும்? குழல்வாய்மொழிக்கும் வரவில்லை.

மூன்றாவது சீசனில்தான் அவர் முத்துக்குமாரசாமியைப் பற்றிக் கேட்டார். அந்த வீட்டின் ஒரே பிள்ளை. ஆறு மார்க்கில் மெடிக்கல் சீட் போய், விருப்பமில்லாமல் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தான். பிலிப்பைன்ஸ் என்று ஒரு தேசம் இருக்கிறது, அங்கே இங்கிலீஷில்தான் பாடம், நேராக டாக்டர் படிப்பில் சேர்த்துவிடலாம், இதுதான் தன் தொழிலே என்று தங்கசாமி சொன்னார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிறு மாற்றாத மனுஷர் வல்லிநாயகம். அவர் தங்கசாமியிடம் காலேஜ் பேரைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. இதுவரை யார் போயிருக்கிறார்கள், படித்துவிட்டு வந்தால் இந்த ஊரில் வைத்தியம் பார்க்க விடுவார்களா, எதுவும் கேட்கவில்லை. வீட்டுச் சட்டம் அப்படி. தெற்கு வயல் போயிற்று. முத்துக்குமாரசாமி தென்காசி ஸ்டேஷனில் மாலையும் கழுத்துமாக ரயிலேறினான்.

அதற்குப் பிறகு தங்கசாமி ஒரு நோட்டீஸ் அச்சடித்தார். வெளிநாட்டில் டாக்டர் படிப்பு, தொடர்புக்கு என்று போட்டு, கீழே இந்த வீட்டுக் கதவிலக்கம். "உங்க வீட்டுப் பேரைச் சொன்னா இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு மரியாதை இருக்கு அண்ணாச்சி" என்றார். வல்லிநாயகத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு நோட்டீஸை சாமி படக் கண்ணாடியில் செருகி வைத்தார். தபால்காரர் முதல் தயிர்க்காரி வரை அதை டாக்டர் வீடு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பையன் ஊசி போடக் கற்றுக்கொள்வதற்கு முன்பே தெருவில் இரண்டு கிழவர்கள் முட்டுவலிக்கு முன்பதிவு செய்துகொண்டார்கள்.

இதெல்லாம் போன வருஷம். எண்பத்துமூன்று.

இந்த வருஷம் ஆனி மாதம் பாதியில், ஒரு மத்தியான நேரம், குழல்வாய்மொழி முன்வாசல் நடையில் சுளகை வைத்துக்கொண்டு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சாரல் சன்னமாகச் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. குடையும் தோள்பையுமாக யாரோ வாசலில் நின்றார்கள். அன்றைக்கு அப்படி எட்டாவது ஆள். அவள் சுளகிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ரூம் காலி இல்லய்யா. அடுத்த தெருவுல கேட்டுப் பாருங்க."

ஆள் போகவில்லை.

"இல்லன்னுதானே சொல்லுதேன். ஆவணி வரைக்கும் எல்லாம் சொல்லியாச்சு."

"அம்மா" என்றான் அவன்.

அவள் பெற்ற பிள்ளைதான். கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாக, தாடியோடு நின்றான். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு தெரு நடந்து வந்திருக்கிறான். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. யாரோ சீசன்காரர் என்று நினைத்து வழிவிட்டிருக்கிறார்கள். அவளும்தான் நினைத்தாள். கையிலிருந்த சுளகைக் கீழே வைக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

அடுக்களையில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வல்லிநாயகம் கதவைச் சாத்திவிட்டு வந்து நிலையில் சாய்ந்து நின்றார்.

"காலேஜே கெடையாதும்மா. ஒரு கடைக்கு மேல ரெண்டு ரூமு. காலையில ஒருத்தன் வந்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பான். டாக்டருக்கு எப்பச் சேப்பீங்கன்னு கேட்டா இன்னைக்கு, நாளைக்கும்பான். பொறவு நாங்களே ஒரு காலேஜுக்குப் போயி விசாரிச்சோம். அங்கன டாக்டருக்குப் படிக்கணும்னா மொதல்ல வேற ஒரு டிகிரி முடிச்சிருக்கணுமாம். அது முடிக்காம யாரையும் சேக்க மாட்டாங்களாம்."

"தங்கசாமி சாருக்கு இது தெரியுமாலே?" என்றார் வல்லிநாயகம்.

"தெரியாமலா எங்களச் சுத்திப் பாக்கப் போறவன் விசாவுல அனுப்பினாரு? எறங்கின அன்னைக்கே அவரு ஆளு பாஸ்போர்ட்ட வாங்கிக்கிட்டான். விசா முடிஞ்சுபோச்சு. வெளிய வந்தா போலீஸ் பிடிப்பான். வீட்டுக்கு எழுதுற லெட்டர அவன்தான் படிச்சுப் பாத்துத் தபால்ல போடுவான்."

"நீ சொகமா இருக்கேன்னுதானய்யா எழுதியிருந்த" என்றாள் குழல்வாய்மொழி.

"வேற என்னத்த எழுதுறது?"

மோர் ஊற்றினாள். அவன் கையில் தழும்பு இருந்தது. ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வெந்நீர் கொட்டியதாம். மஞ்சள்காமாலை வந்து படுத்தபிறகு கூட இருந்த பையன்கள் இவனை நம் எம்பஸியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அவர்கள் ஒரு தடவை ஊர் திரும்புகிறதற்கு மட்டும் செல்லுகிற காகிதம் ஒன்று கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"இன்னும் பதினோரு பேரு அங்கன கெடக்கோம்" என்றான். தான் வந்துவிட்டதை மறந்து அப்படிச் சொன்னான். "சேலத்துப் பிள்ளைக ரெண்டு பேரு. அதுகளை அவரு ஆளு தன் வீட்டுலயே வச்சிருக்கான். ஹாஸ்டல்னு பேரு. சமைக்கிறது, துவைக்கிறது எல்லாம் அதுகதான். வாசல்ல நிக்கக்கூட விட மாட்டான்மா."

தனக்கு அழுகை வரும் என்று குழல்வாய்மொழி நினைத்தாள். வரவில்லை. இலையை எடுத்துத் தொழுவத்தில் போட்டாள். நடையில் விட்டுவந்த உளுந்தின் நினைவு வந்தது. போய்ப் புடைத்து முடித்தாள்.

அன்றைக்கே வல்லிநாயகம் தீர்மானம் செய்துவிட்டார். பையன் அரங்கில் இருக்கட்டும். யாருக்கும் தெரிய வேண்டாம். தங்கசாமி அடுத்த வாரம் வந்துவிடுவார். வந்ததும் நேரில் கேட்டுக்கொள்ளலாம். அந்த மனுஷரையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஊர் முழுவதும் டாக்டர் வீடு என்கிறது. தெருவில் தலை நிமிர்ந்து நடந்த பத்து மாதத்தை அவரால் ஒரு நாளில் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

தங்கசாமி வந்தார். காப்பித்தூள் கொண்டுவந்தார். முன்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு வல்லிநாயகம் அடுக்களைக்கு வந்து அம்மியின் மேல் உட்கார்ந்தார். அவர் அம்மியில் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"என்ன சொல்லுதாரு?"

"அவரு ஆளு ஏமாத்திட்டானாம். அவருக்கே ரொம்ப வருத்தம். கார்த்திகைக்குள்ள வேற காலேஜ்ல சேத்துருதேன்னு சொல்லுதாரு. பாஸ்போர்ட்டு இப்ப அவரு கையிலதான் இருக்காம். தந்துருவாராம்."

"இப்பவே தரச் சொல்ல வேண்டியதுதானே?"

"அதுல ஒரு இது இருக்குட்டி." அவர் தரையைப் பார்த்தார். "இந்த வருசம் புதுசா மூணு பிள்ளைகள அனுப்புதாரு. அதுக நல்லபடியா போற வரைக்கும் இவன் வந்த விசயம் வெளிய தெரியப்படாது. தெரிஞ்சா பாஸ்போர்ட்டும் கெடையாது, சீட்டும் கெடையாது."

"அந்தப் பிள்ளைக?"

அவர் அம்மியை விட்டு எழுந்தார். "நோட்டீசுல நம்ம வீட்டு நம்பருல்லா போட்டிருக்கு. போலீசுன்னு வந்தா மொதல்ல எங்க வருவான்?" என்றார். "என் கையில வெலங்கப் பாத்தாத்தான் உனக்கு நிம்மதியா?"

அப்போதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோபம் வர வேண்டிய இடம் என்று தெரிந்தது, கோபம் வரவில்லை. சாரலில் நெடுநேரம் நின்றால் விரல் மரத்துப்போய், கிள்ளினாலும் தெரியாது. அந்த மாதிரி இருந்தது. சாயங்காலத்துக்கு எத்தனை பேருக்குக் காப்பி என்று கேட்டாள்.

அரங்குக் கதவு அடுக்களைக்குள்தான் திறக்கும். முத்துக்குமாரசாமி அதற்குள் நெல் குதிருக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவில் பாய் விரித்துக் கிடந்தான். கருக்கலோடு எழுந்து பின்பக்கம் போய்விட்டு வந்துவிட வேண்டும். இருமல் வந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டும். காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு டம்ளரைக் கதவுக்கு வெளியே வைப்பான். ஒரே ஒரு நாள் மட்டும், "நான் திரும்பி வராமயே இருந்திருக்கலாம், இல்லம்மா?" என்று கேட்டான். "கெடக்கட்டும், குடி" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் திருவேங்கடத்திலிருந்து நம்பிராஜன் வந்தார். பருத்திக்காட்டுச் சம்சாரி. காலில் கரிசல் மண் காய்ந்திருந்தது. தங்கசாமி அருவிக்குப் போயிருந்த சமயம். அவர் நேரே பின்பக்கம் வந்து, அடுக்களை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆச்சி, எம்மகள் விஜயத்த அனுப்பலாம்னு இருக்கேன். தாயில்லாப் பிள்ள. ஏஜெண்டு ஆயிரம் சொல்லுவாரு, அது அவரு பொழப்பு. உங்க மகன் அங்கன இருக்காரு. பெத்தவ நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். தம்பி சொகமா இருக்காரா?"

அவருக்குப் பின்னால் வல்லிநாயகம் வந்து நின்றார். அவளையே பார்த்தார்.

"சொகமா இருக்கான்" என்றாள் குழல்வாய்மொழி.

"லெட்டர் போடுதாரா?"

"போடுதான்."

நம்பிராஜன் கையெடுத்துக் கும்பிட்டார். இது போதும் என்றார். அவர் போனபிறகு அரங்குக்குள் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு அமைதியாக அவன் எப்போதும் இருந்ததில்லை. அவள் அன்றைக்கு வைத்த குழம்பில் உப்பே போடவில்லை. சாப்பிட்ட ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள் புதன்கிழமை. மூன்று குடும்பமும் பிள்ளைகளோடு வந்து, அசல் சர்ட்டிபிகேட்டுகளையும் பணத்தையும் தங்கசாமி கையில் ஒப்படைக்க வேண்டிய நாள். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். அதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஒன்றரைக்கு மேல் நல்ல நேரத்தில் கொடுக்கலாம் என்று வல்லிநாயகமே சொல்லிவிட்டார். "அப்ப ஆச்சி கையால சொதி" என்றார் தங்கசாமி.

விடிந்ததிலிருந்து காற்று. மலை முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. பேரருவியில் வெள்ளம் வந்து குளிக்க விடவில்லை என்று சொல்லிக்கொண்டு சீசன்காரர்கள் ஈரத் துண்டோடு தெருவில் அலைந்தார்கள். குழல்வாய்மொழி ஆறு தேங்காய் உடைத்தாள். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து வைத்தாள். மூன்றாம் பாலில் பாசிப்பருப்பையும் காயையும் வேகவிட்டாள். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். இஞ்சியைத் தோல் சீவி வதக்கித் துவையல் அரைத்தாள். கை தன்பாட்டில் செய்துகொண்டிருந்தது.

பதினொரு மணிக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். கடையத்தில் மரக்கடை வைத்திருக்கும் கிதிர் முகம்மது மகனோடு வந்தார். வாசுதேவநல்லூர் ஏசுதாசன் வாத்தியார் மகனோடு வந்தார். தென்காசியில் இருந்த காலத்தில் முத்துக்குமாரசாமிக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். நம்பிராஜன் அரை மூட்டை நிலக்கடலையைத் தலையில் சுமந்து வந்து பின்தாழ்வாரத்தில் இறக்கினார். கூடவே அவர் மகள் விஜயம். ஒல்லிப் பெண். பாவாடை தாவணி. சர்ட்டிபிகேட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

ஆண்கள் எல்லாம் முன்கட்டில் உட்கார்ந்ததும் அந்தப் பெண் அடுக்களைக்கு வந்துவிட்டாள். தாழ்வாரத்தில் நின்று உள்ளங்கையைச் சாரலில் நீட்டினாள்.

"எங்க ஊர்ல மேகம் வரும் ஆச்சி. வந்து பாத்துட்டுப் போயிரும்" என்று சிரித்தாள். "நான் ஏதாச்சும் செய்யட்டா?"

"ஒண்ணும் வேண்டாம்ட்டி. நீ உக்காரு."

அவள் உட்காரவில்லை. கேட்கிறதற்கு நிறைய வைத்திருந்தாள்.

"அங்கன படுக்கக் கட்டில் உண்டா ஆச்சி? இல்ல பாய் கொண்டுக்கிட்டுப் போகணுமா? அரிசி கெடைக்குமாம்லா. ஊறுகா மட்டும் போட்டுக் கொண்டுக்கிட்டுப் போனாப் போதும்னு அப்பா சொல்லுதாக."

"ம்."

"பொம்பளப் பிள்ளைகளுக்குத் தனி ஹாஸ்டலாம். தங்கசாமி சார் சொன்னாக. நல்ல பாதுகாப்பாம், வாசலத் தாண்ட விட மாட்டாகளாம். அண்ணன் லெட்டர்ல ஏதும் எழுதியிருக்காகளா? இதெல்லாம் அப்பாகிட்டக் கேக்க முடியல. அம்மை இருந்தா அவகிட்டக் கேட்டிருப்பேன்."

குழல்வாய்மொழி கரண்டியால் சொதியைக் கிண்டினாள். இரண்டாம் பால் விட்டாயிற்று. முதல் பால் விட்டதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். அந்த நேரத்தில் அரங்குக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. பாதியில் அடைத்துக்கொண்ட இருமல்.

விஜயம் திரும்பிப் பார்த்தாள். "உள்ள யாரு ஆச்சி?"

"யாரும் இல்ல."

சொல்லிவிட்டாள். சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் காதிலேயே அது விழுந்தது. அன்றைக்கு வாசலில் நின்றவனிடம் இடமில்லை என்று சொன்னாள். இன்றைக்கு உள்ளே கிடக்கிறவனை யாரும் இல்லை என்று சொல்லிவிட்டாள். இரண்டையும் வல்லிநாயகம் சொல்லச் சொல்லவில்லை. அவள் வாய்தான் சொன்னது. அந்தப் பெண்ணோ அவள் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு, பிளாஸ்டிக் உறையில் பட்டிருந்த சாரலைத் தாவணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் பாலை விட்டாள். இறக்கிவைத்தாள்.

"போய்க் கையக் கழுவிட்டு உக்காருட்டி. எல போடுதேன்."

இரண்டாம் கட்டுச் சீசன்காரர்கள் வெளியே போயிருந்தார்கள். அங்கே இரண்டு வரிசையாக இலை போட்டாள். தங்கசாமிக்கு ஒன்று. மூன்று தகப்பன்மார், மூன்று பிள்ளைகள். ஏழு. வல்லிநாயகம் பரிமாறிவிட்டுப் பிறகு சாப்பிடுவார். தண்ணீர் தெளித்துத் துடைத்து, துவையல் வைத்து, அப்பளம் வைத்து, சோறு போட்டுக்கொண்டு போனாள். தங்கசாமி பூத்துண்டை மடியில் விரித்துக்கொண்டார். வல்லிநாயகம் சொதிச் சட்டியைத் தூக்கி வந்து ஊற்றினார்.

"தம்பியப் பத்தி ஒரு வார்த்த சொல்லுங்க சார்" என்றார் கிதிர் முகம்மது, பிசைந்தபடியே. "இவன் கேட்டுக்கிடட்டும்."

"முத்துக்குமாரா? செகண்ட் இயர் போயாச்சு. போன மாசம்கூடப் பாத்துட்டு வந்தேன்" என்றார் தங்கசாமி. "ஆளு நல்லா வெயிட் போட்டுட்டான். இப்பவே அங்க அவனை டாக்டர்னுதான் கூப்பிடறாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். வல்லிநாயகமும் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டார்.

குழல்வாய்மொழி அடுக்களைக்குப் போய் இன்னொரு இலை எடுத்து வந்தாள். நம்பிராஜனுக்குப் பக்கத்தில், வரிசைக் கடைசியில் அதைப் போட்டாள். தண்ணீர் தெளித்தாள். துவையல் வைத்தாள்.

வல்லிநாயகம் கண்ணால் எண்ணினார். "ஏட்டி, ஏழு பேருதானே. இது யாருக்கு?"

அவள் சோறு போட்டாள். ஒரு அகப்பை கூடவே போட்டாள்.

"குழலு" என்றார். "உள்ள போ."

அவள் உள்ளேதான் போனாள். அரங்குக் கதவை விரியத் திறந்தாள். பத்தொன்பது நாளில் அந்தக் கதவு அப்படித் திறந்ததில்லை. முத்துக்குமாரசாமி துண்டை வாயில் வைத்தபடி குதிரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எல்லாம் அவனுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"எந்தி. சாப்பிட வா."

"அம்மா, பாஸ்போர்ட்டு அவரு கையில..."

"தெரியும்."

"போயிரும்மா. பொறவு ஒண்ணுமே இல்ல."

"சோறு ஆறுதுய்யா" என்றாள். "வா."

அவன் எழுந்தான். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, அவள் பின்னாலேயே வந்தான். வெளிச்சத்தில் கண் கூசியது. எட்டாவது இலையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளையில் உட்கார்கிற மாதிரியே சம்மணம் போட்டான்.

தங்கசாமியின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. முழங்கை வழியாகச் சொதி வழிந்தது.

ஏசுதாசன் வாத்தியார்தான் முதலில் பேசினார். மூக்குக்கண்ணாடியை இடது கையால் ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஏய்... நீ முத்துக்குமாரசாமி இல்லியாடே?"

"ஆமா சார்."

"எப்ப வந்த?"

"பத்தொம்பது நாளாச்சு சார்."

"இங்கதான் இருக்கியா?"

"அரங்குல இருந்தேன் சார்."

வாத்தியார் தங்கசாமியைப் பார்த்தார். வல்லிநாயகத்தைப் பார்த்தார். அவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டிருந்தார். விஜயம் சோற்றுக் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, இடது கையால் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் உறையை மெள்ள இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அங்கன காலேஜ் இருக்காலே?" என்று கிதிர் முகம்மது கேட்டார்.

முத்துக்குமாரசாமி அம்மாவைப் பார்த்தான். "சொல்லு" என்றாள் அவள். அவன் சொன்னான். அவளிடம் சொன்னதையே, அதே வரிசையில் சொன்னான். கடைக்கு மேல் இரண்டு ரூம். சுற்றிப் பார்க்கிற விசா. பாஸ்போர்ட். பதினோரு பேர். சேலத்துப் பெண்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் விஜயத்தைப் பார்க்காமல் இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

முடிப்பதற்குள் தங்கசாமி எழுந்துவிட்டார். கை கழுவ முற்றத்துக்குப் போனவர் அடுக்களை வாசலில் குழல்வாய்மொழியிடம் நின்றார். சிரித்த முகம் அப்படியேதான் இருந்தது.

"ஆச்சி, அந்த பாஸ்போர்ட் இனிமே கெடைக்காது. அவனுக்குச் சீட்டும் இல்ல. நோட்டீஸ்ல உங்க அட்ரஸ்தான் இருக்கு, என்னுது இல்ல. யோசிச்சுத்தான் செஞ்சீங்களா?"

"யோசிக்கல" என்றாள். அது நிஜம். "காப்பித்தூள் பொட்டலம் மாடத்துல பிரிக்காம இருக்கு. எடுத்துட்டுப் போயிருங்க."

அவர் எடுக்கவில்லை. முன்கட்டில் பெட்டி பூட்டுகிற சத்தம் கேட்டது. வாத்தியார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினார். பின்னாலேயே கிதிர் முகம்மதுவும், இரண்டு பையன்களும். தெருவில் சத்தம் கூடியது. யாரோ சைக்கிளில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார்கள். வல்லிநாயகம் சாமி படத்துக் கண்ணாடியிலிருந்து நோட்டீஸை உருவி எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தாள். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற ஆளாக வாசலுக்குப் போனார்.

நம்பிராஜன் மட்டும் போகவில்லை. இலையை மடிக்காமலேயே எழுந்து, அடுக்களை வாசலுக்கு வந்து, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றார். கையைக் கட்டவில்லை.

"ஆச்சி, போன வாரம் கேட்டேனே. சொகமா இருக்கான்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"லெட்டர் போடுதான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்ப தம்பி இதோ இந்தக் கதவுக்கு உள்ள இருந்திருக்காரு."

"ஆமா" என்றாள் குழல்வாய்மொழி.

அவர் இன்னும் ஏதோ கேட்கப்போகிறார் என்று காத்திருந்தாள். கேட்டால் தேவலை என்று இருந்தது. திட்டினால் இன்னும் தேவலை. அவர் மகளைத் தோளில் தொட்டு, "நட தாயி" என்றார். விஜயம் உறையை அணைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். குழல்வாய்மொழியை இல்லை, இலையில் உட்கார்ந்திருந்தவனை. அப்பனும் மகளும் சாரலில் இறங்கி நடந்தார்கள். நிலக்கடலை மூட்டை தாழ்வாரத்திலேயே கிடந்தது.

இரண்டாம் கட்டில் எல்லாம் அப்படியே கிடந்தன. பிசைந்த சோறும் கடித்த அப்பளமுமாக ஏழு இலைகள். குழல்வாய்மொழி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். தெருவில் வல்லிநாயகத்தின் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. ஏழு இலைகளையும் எடுத்துத் தொழுவத்தில் போட்டுவிட்டு, சாணிக் கரைசல் வாளியோடு வந்தாள். வந்தவள் நின்றாள்.

எட்டாவது இலையில் அவன் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முத்துமுத்தாகக் கண்ணீர் விழ, அதைத் துடைக்காமல், நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். அவனுக்கு மோர் எடுத்துவர உள்ளே போனாள்.